இரண்டு இடது இறக்கைகள்

ரேடியோவில் இயக்கும் சிறிய மாதிரி விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்த அதன் இறக்கைப் பாதிகள் இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்விளிம்புகளை ஒரே திசையில் வைத்தால், எய்லரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, பின்விளிம்பில் அசையும் பலகை) விட்ட இடைவெளி இரண்டிலும் இடது ஓரத்தில் இருந்தது. ஒன்றைச் சுற்றித் திருப்பினேன். முன்விளிம்பு பின்னால் போய்விட்டது. கவிழ்த்தேன், மேல்வளைவு கீழே வந்துவிட்டது. எப்படி வைத்தாலும் சேரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நான் கட்டியிருந்தது இரண்டு இடது இறக்கைகள்.

கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய கிட்டோடு வந்த வரைபடத் தாளில் இடது பாதி மட்டும்தான் முழு அளவில் அச்சாகியிருந்தது. வலது பாதிக்கு அதே தாளைப் புரட்டிப் போட்டு, லேசாக எண்ணெய் தடவினால் கோடுகள் ஊடுருவித் தெரியும். அதன்மேல் கட்ட வேண்டும். தாளின் மூலையில் அப்படி எழுதியும் இருந்தது. நான் படத்தைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

அன்றைக்கு மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் கழித்து, கட்டிய இறக்கையின் ரிப்புகளை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகள்) அளவாக வைத்து, மிக லேசான பால்சா மரத் தகட்டில் புதிய ரிப்புகள் வெட்டத் தொடங்கினேன். வலது இறக்கை தயாரானது. மிஞ்சிய இடது இறக்கையைத் தூக்கிப் போடவில்லை. அதன் பிறகு கட்டுமானத்தில் செய்த பெரும்பாலான வேலைகளை முதலில் அந்த உபரி இறக்கையில் செய்து பார்த்தேன். இப்போது யாராவது முதல் கிட் கட்டப்போகிறேன் என்று சொன்னால், கழிவு பால்சாவில் கையளவுக்கு ஒரு இறக்கைத் துண்டு முதலில் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். நிஜ இறக்கையில் செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் அதில் செய்துகொள்ளலாம்.

நான் கட்டியது மேல்-இறக்கை டிரெய்னர், அதாவது உடலுக்கு மேலே இறக்கை உள்ள, பறக்கவிடப் பழகுவதற்கான விமானம். இறக்கையின் முழு நீளம் 1,400 மி.மீ., அகலம் 200 மி.மீ. லேசரில் வெட்டிய பால்சாவும் கொஞ்சம் ப்ளைவுட்டும் பெட்டியில் இருந்தன. மோட்டார், பேட்டரி, அசையும் பலகைகளை இயக்கும் சர்வோ, ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவர் எல்லாம் தனியாக வாங்கியவை.

முதலில் மேசையைப் பற்றி. கட்டும் பலகை உண்மையாகவே சமமாக இருக்க வேண்டும். பலகையில் வளைவு இருந்தால் அது அப்படியே இறக்கைக்குள் போய்விடும். பசை காய்ந்த பிறகு அதை எடுப்பது பெரிய வேலை. ஒரு நீளமான இரும்பு ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் வரைபடம், அதன்மேல் பசை ஒட்டாத மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மரம். குண்டூசியை மரத்துக்குள் குத்தாமல், இரண்டு பக்கமும் சாய்த்துக் குத்தி மரத்தை நடுவில் பிடித்துக்கொள்ளலாம். இறக்கையின் நீளத்துக்கு ஓடி அதைத் தாங்கும் குச்சியான ஸ்பாரில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும் அந்த இடம் பலவீனமாகிவிடும்.

பசையை எடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒட்டாமலேயே ஒருமுறை பொருத்திப் பாருங்கள். லேசர் வெட்டிய இடத்தில் கரிந்த விளிம்பு இருக்கும். அதை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறுக்கமாக இருக்கிறதே என்று அதிகமாகத் தேய்த்துவிட்டால் இணைப்பு தளர்ந்துவிடும். நொடிகளில் பிடிக்கும் சிஏ (சயனோஅக்ரிலேட்) பசையில் மெல்லிய வகை இடைவெளியை நிரப்பாது. நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மரங்களுக்கு நடுவில்தான் அது ஊறி இறங்கிப் பிடிக்கும்.

பசையைப் பற்றி நான் புரிந்துகொண்டதெல்லாம் உபரி இறக்கையை உடைத்துப் பார்த்துத்தான். வால்பகுதிக்கு வைத்திருந்த குச்சிகளில் மிஞ்சியதை அதன் வேர்ப்பக்கத்தில் (உடலோடு சேரும் முனை) ஒவ்வொரு பசையாலும் ஒட்டி, மறுநாள் கையால் ஒடித்தேன். நல்ல இணைப்பு என்றால் ஒட்டிய இடம் பிரியாது, பக்கத்து மரம்தான் உடையும். இடைவெளி இருந்த இணைப்பில் மெல்லிய சிஏ கண்ணாடி மாதிரி பட்டென்று விட்டுவிட்டது. சாதாரண மரப்பசை அதே இடத்தில் நின்றது. காய நேரம் எடுக்கும், அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசமும் தெரிந்தது. காய்ந்த சிஏ பால்சாவைவிடப் பல மடங்கு கடினம். உப்புத்தாளால் தேய்த்தால் பசை அப்படியே நிற்கும், இரண்டு பக்கமும் மரம்தான் பள்ளமாகும். அதனால் பின்னால் தேய்க்கப்போகிற இடங்களில் மரப்பசையும், உள்ளே மறைந்துபோகும் இணைப்புகளில் சிஏவும் பயன்படுத்தினேன். மோட்டாரைத் தாங்கும் ஃபயர்வாலுக்கும், இறக்கைப் பாதிகள் சேரும் நடு இணைப்புக்கும் 30 நிமிட எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை). 5 நிமிட எபாக்ஸி அவசரத்துக்கு உதவும், ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் அவசரமே கூடாது.

சிஏ பயன்படுத்தும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதன் ஆவி கண்ணை எரிக்கும். சிந்திய சிஏவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியும் சிஏவும் சேர்ந்தால் வேகமாகச் சூடேறிப் புகையும், விரலைச் சுட்டுவிடும்.

இறக்கைக்குள் மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவில் சின்னச் சின்னச் சதுரத் தகடுகள் ஒட்ட வேண்டியிருக்கும். பார்ப்பதற்கு அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் இறக்கையின் பலமே அங்கேதான். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். அப்போது மேல் ஸ்பார் அமுங்கும், கீழ் ஸ்பார் இழுபடும், இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது இந்தத் தகடுகள். மரத்தின் நார் மேலும் கீழுமாக ஓடும்படி ஒட்ட வேண்டும். நார் படுக்கையாக இருந்தால் தகடு மடங்கிவிடும். நான் முதலில் கட்டிய இறக்கையில் நான்கு தகடுகள் தவறான பக்கம் இருந்தன. நல்லவேளை, இரண்டில் அதையே உபரியாக ஒதுக்க முடிந்தது.

உடற்பகுதி கட்டுவது இறக்கையைவிட எளிது. இரண்டு பக்கத் தகடுகள், நடுவில் ஃபார்மர்கள் என்னும் குறுக்குச் சட்டங்கள், எல்லாம் செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு மூலைமட்டம் கையில் இருந்தால் இரண்டு மாலையில் முடிந்துவிடும்.

ஆனால் ஃபயர்வாலைப் பொருத்தும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது நேராக உட்காரவில்லை. மேலிருந்து பார்த்தால் வலது பக்கமும், பக்கவாட்டில் பார்த்தால் கீழ்ப்பக்கமும் லேசாகச் சாய்ந்திருந்தது. வெட்டியதில் பிழை என்று நினைத்து, உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டேன். இறக்கை அனுபவம் இருந்ததால் இந்த முறை வரைபடத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன். வலது பக்கம் 2 டிகிரி, கீழே 3 டிகிரி என்று போட்டிருந்தது. அந்தச் சாய்வு வேண்டுமென்றே வைத்தது. பின்னாலிருந்து பார்த்தால் ப்ரொபெல்லர் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. அது தள்ளும் காற்று உடலைச் சுருள் சுருளாகச் சுற்றிப் போய் வாலின் இடது பக்கத்தில் மோதி, மூக்கை இடதுபக்கம் திருப்பும். முழு வேகம் கொடுத்ததும் விமானம் இடது பக்கம் இழுப்பதும் மூக்கை மேலே தூக்குவதும் இந்தச் சாய்வால்தான் கட்டுக்குள் நிற்கின்றன. அதைத் தேய்த்து நேராக்கியிருந்தால் முதல் பறப்பிலேயே திண்டாடியிருப்பேன்.

படலம் ஒட்டும் வேலை எல்லோரையும் பயமுறுத்துகிறது. அடிப்பக்கம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களில் ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டி நடுவில் சுருங்க வைக்க வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு சூடு, சுருக்குவதற்கு அதைவிட அதிகச் சூடு. படலத்துக்குப் படலம் இது மாறும், உறையில் போட்டிருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள். உபரி இறக்கையில் நான் ஒட்டிய முதல் படலம் முழுக்கச் சுருக்கம். இரண்டாவதில் முதலில் நான்கு ஓரங்களையும் இழுத்து ஒட்டிவிட்டு, கடைசியில் நடுவைச் சூடாக்கினேன். முரசுத் தோல் மாதிரி விறைத்து நின்றது. மேசையில் படுக்க வைத்து ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகச் சுருக்கிவிடாதீர்கள். படலம் இழுக்கிற இழுப்பில் இறக்கையே முறுக்கிக்கொள்ளும்.

எனக்கு அதுவும் நடந்தது. படலம் ஒட்டி முடித்த பிறகு பின்னாலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தபோது இடது இறக்கை நுனியின் பின்விளிம்பு 4 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. அந்த நுனி மற்றதைவிட அதிகக் கோணத்தில் காற்றைச் சந்திக்கும். வேகமாகப் போகும்போது அந்தப் பக்கம் தூக்கும். வேகம் குறைந்ததும் அந்த நுனியே முதலில் தூக்குவிசையை இழந்து சட்டென்று கீழே விழும். தரையிறங்குகிற நேரத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை. சரிசெய்ய வழி இருக்கிறது. ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மேலும் கீழும் படலத்தை மறுபடி சூடாக்க வேண்டும். ஆறும் வரை கையை விடக் கூடாது. இதையும் உபரி இறக்கையில் இரண்டு முறை பழகிவிட்டுத்தான் நிஜ இறக்கையைத் தொட்டேன். முடிவில் இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு 2 மி.மீ. மேலே இருக்கும்படி விட்டேன். டிரெய்னருக்கு அது நல்லது. நுனி கடைசி வரை பறந்துகொண்டிருக்கும்.

வாலை ஒட்டும் இடத்தில் படலத்தை நீக்கி மரத்தோடு மரம் ஒட்ட வேண்டும். கத்தியால் நீக்கினால், அடியிலுள்ள பால்சாவிலும் தெரியாமல் ஒரு கீறல் விழும். பிறகு வால் சரியாக அந்தக் கீறலில்தான் முறியும். கத்திக்குப் பதில் சூடான சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்கேல் ஓரமாக வேகமாக இழுத்தால் படலம் மட்டும் உருகிப் பிரியும், மரத்தில் காயம் படாது. வால் நேராக இருக்கிறதா என்று பார்க்க, நீளாத நூல் ஒன்று போதும். உடலின் பின்முனை நடுவில் குண்டூசி குத்தி, அங்கிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் தூரத்தை ஒப்பிட்டு முதலில் இறக்கையைச் சரியாக வையுங்கள். பிறகு மூக்கின் நடுவிலிருந்து வாலின் இரண்டு நுனிகளுக்கும். அப்புறம் நான்கு அடி பின்னால் போய் நின்று, இறக்கையும் வாலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

அசையும் பலகைகளின் கீல்களை ஒட்டிய பிறகு ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். பிய்ந்து வந்தால் மேசையில் வரட்டும்.

மின்சார வேலைக்கு வந்தபோது எனக்கு ஒரு விதி இருந்தது. மேசையில் இருக்கும் வரை ப்ரொபெல்லர் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அந்த விதியை என்றைக்கும் மறக்க மாட்டேன். கையில் வைத்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் திசை தலைகீழாக இருந்தது எனக்குத் தெரியவில்லை. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஸ்பீடு கன்ட்ரோலருக்கு ஸ்டிக்கின் அளவைப் பழக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்டிக் அடியில் இருக்க, மோட்டார் முழு வேகத்தில் சீறியது. என் முன்கை அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ப்ரொபெல்லர் இருந்திருந்தால் ஆழமான வெட்டு. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் அதன் மூன்று கம்பிகளில் எந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் போதும். ஆனால் பேட்டரியின் கூட்டல் கழித்தலை மாற்றிவிட்டால் கன்ட்ரோலர் அந்த நொடியே கருகிவிடும்.

என் மோட்டார் 1,000 கேவி. அதாவது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1,000 சுற்று. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 11.1 வோல்ட், 2,200 மில்லியாம்பியர்-மணி. கன்ட்ரோலர் 30 ஆம்பியர். 10 அங்குல விட்டமும் 5 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள ப்ரொபெல்லரைப் போட்டு, விமானத்தைக் கட்டிவைத்து, வாட்மீட்டரில் பார்த்தபோது முழு வேகத்தில் 18 ஆம்பியர், ஏறக்குறைய 200 வாட். விமானம் பேட்டரியோடு 1,150 கிராம். டிரெய்னருக்கு அந்தச் சக்தி தாராளம். பெரிதாக இருந்தால் இன்னும் நன்றாக இழுக்குமே என்று 11-க்கு 7 அங்குல ப்ரொபெல்லரைப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் 28 ஆம்பியரைத் தாண்டியது, மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. பார்வைக்குக் கொஞ்சம்தான் பெரியது, ஆனால் ஒரே வேகத்தில் சுற்றினால் சுமை ஏறக்குறைய இரு மடங்கு. வாட்மீட்டர் இல்லாமல் ப்ரொபெல்லரை மாற்றாதீர்கள்.

லிப்போ பேட்டரியை அலட்சியமாகக் கையாள முடியாது. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட். 3.5-க்குக் கீழே இறக்காதீர்கள். சில நாள் சும்மா இருக்கப்போகிறது என்றால் 3.8-இல் வையுங்கள். 2,200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்க வேண்டாம், செல்களைச் சமப்படுத்தும் சார்ஜரில் மட்டும் போடுங்கள், தீப்பிடிக்காத தரைமேல் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். உப்பிய பேட்டரி எவ்வளவு புதியதானாலும் அதற்குமேல் பயன்படுத்தக் கூடாது.

சர்வோவுக்கு முதலில் மின்சாரம் கொடுத்து நடுநிலைக்கு வர விட்டு, பிறகு அதன் சிறிய கரத்தைப் பொருத்துங்கள். இணைப்புக் கம்பிக்குச் சர்வோ கரத்தில் உள் துளை, அசையும் பலகையில் ஒட்டிய ஹார்னில் வெளித் துளை; அசைவு சிறியதாகவும் உறுதியாகவும் இருக்கும்.

இனி எடைச் சமநிலை. கட்டும்போது எதில் வேண்டுமானாலும் சிறு குறை இருக்கலாம், இதில் இருக்கக் கூடாது. எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 58 மி.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்றது வரைபடம். 200 மி.மீ. அகலத்துக்கு அது 29 சதவீதம். இறக்கையின் அடியில் அந்த இடத்தில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினேன், வால் தொங்கியது. என் விமானத்தின் மையம் 66-இல் இருந்தது. மையம் பின்னால் போன விமானம், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளும், நேராகப் பறக்கவே மறுக்கும். முன்னால் கொஞ்சம் போனால் சோம்பலாக இருக்கும், ஆனால் பறக்கும்.

வாலில் நான் தாராளமாக எபாக்ஸி பூசியிருந்தேன். வால் மையத்திலிருந்து 600 மி.மீ. தூரம், மூக்கு 200 மி.மீ. வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் வைத்தால்தான் ஈடாகும். ஈயத்தைக் கட்டி எடையைக் கூட்ட எனக்கு மனமில்லை. பேட்டரியையே நகர்த்தலாம் என்று கணக்குப் போட்டேன். 180 கிராம் பேட்டரியை 25 மி.மீ. முன்னே தள்ளினால் மையம் ஏறக்குறைய 4 மி.மீ. முன்னே வரும். எனக்கு 8 வேண்டும், அதனால் 50 மி.மீ. தள்ள வேண்டும். ஆனால் பேட்டரித் தட்டை எப்போதோ ஒட்டி முடித்துவிட்டேன்! தட்டை அறுத்து எடுத்து, ஒரு ஃபார்மரில் வாசல் வெட்டி, சுற்றி ப்ளைவுட் வைத்து மறுபடி பலப்படுத்த இரண்டு நாள் ஆனது. பேட்டரித் தட்டு, ரிசீவர் இரண்டையும் ஒட்டும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து, படலமும் ஒட்டி, சமநிலை பார்த்த பிறகு அவற்றின் இடம் தானாகத் தெரியும்.

பறக்கவிடும் மைதானத்துக்கு, பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டேன். விமானத்துக்குப் பின்னால் நின்று அவர் கேட்டார்: "தம்பி, ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளு. எந்த எய்லரான் மேலே போகுது?"

"இடது, அண்ணா."

"அப்ப வலது பக்கம் திருப்பினா இடது பக்கம் சாயும். மாத்து."

வீட்டில் ஐம்பது முறையாவது எய்லரானை அசைத்துப் பார்த்திருப்பேன். அசைகிறது என்பதைத்தான் பார்த்தேன், எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே வர வேண்டும். ஸ்டிக்கை இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் திசையை மாற்றினேன். பிறகு விமானத்தை அவர் பிடித்துக்கொள்ள, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தோம். தொடர்பு அறுந்ததும் மோட்டார் நின்றது. மறுபடி போட்டு, சிக்னல் சக்தியைக் குறைத்துக்கொண்டு முப்பது அடி எடுத்துவைத்துத் தள்ளிப்போய், எல்லாம் அசைகின்றனவா என்று பார்த்தோம்.

முதல் பறப்பை அவரிடம் கொடுத்தேன். காற்றுக்கு எதிராக ஓடி, பதினைந்து மீட்டரில் தரையை விட்டது. உயரம் வந்ததும், நடுநிலையைத் துளித்துளியாக நகர்த்தும் ட்ரிம்மில் எய்லரானுக்கு இரண்டு கிளிக், எலிவேட்டருக்கு ஒன்று. அவ்வளவுதான், ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார், விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு டிரான்ஸ்மிட்டரை என் கையில் கொடுத்தார். ஆறு நிமிடம் டைமர் வைத்திருந்தோம். இறங்கிய பிறகு சார்ஜ் போட்டபோது உள்ளே போனது 900 மில்லியாம்பியர்-மணி, பாதிக்கும் குறைவு.

இறங்கும்போது ஏதோ கல் பட்டு இடது இறக்கையின் அடியில் படலம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் உபரி இறக்கையை எடுத்து மேசையில் வைத்தேன். அதே இடத்தில், அதே நீளத்துக்கு ஒரு கிழிசல் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன்.